மென்மையான மேல்தாடை எலும்பில் இம்பிளான்ட்: குறைத்துத் துளைப்பதா, தட்டி விரிப்பதா, எதிர்த்திசையில் சுழற்றி அடர்த்தியாக்குவதா?

கடைவாய்:

மேல்தாடை முதல் கடைவாய்ப்பல் இடம், பல் எடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சிபிசிடியில் (பல் மருத்துவத்தில் எடுக்கும் முப்பரிமாண எக்ஸ்ரே) தாடை முகட்டிலிருந்து சைனஸ் (மேல்தாடைக்கு மேலே உள்ள காற்றறை) தளம் வரை உயரம் 9 மி.மீ., அகலம் 7 மி.மீ. மேலே இருக்கும் கெட்டி எலும்பு அரை மி.மீ. கூட இல்லை. உள்ளே பெரிய பெரிய மஜ்ஜை இடைவெளிகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய எலும்புத் தட்டுகள். டி4 (மிக மென்மையான எலும்பு வகை) என்பதில் சந்தேகமில்லை. 4.2 மி.மீ. விட்டமுள்ள கூம்பு வடிவ இம்பிளான்ட் (எலும்பில் திருகி ஏற்றும் செயற்கைப் பல்வேர்) வைப்பதாக எடுத்துக்கொள்வோம்.

மூன்று வழிகள் இருக்கின்றன. கடைசி டிரில்லை விட்டுவிட்டுச் சிறிய துளையில் ஏற்றுவது ஒன்று. ஆஸ்டியோடோமால் (சுத்தியலால் தட்டி இறக்கும் உலோகக் கோல்) தட்டி விரிப்பது இன்னொன்று. டென்சா பர் (எலும்பை அடர்த்தியாக்கும் டிரில் முனை) வகையை எதிர்த்திசையில் சுழற்றி எலும்பைச் சுவரோடு அழுத்துவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் எந்த அளவில் நிறுத்துவது, எந்த இடத்தில் அது கைவிடும் என்று எண்களோடு பேசுவோம். "எல்லாம் நல்ல முறைதான், கைப்பழக்கம்தான் முக்கியம்" என்ற பதில் வேண்டாம். துளைபோட நிற்பவருக்கு அது உதவாது.

ஆணிவேர்:

முறைக்கு முன்னால் டி4 என்ற பெயரைப் பற்றிக் கொஞ்சம். லெக்ஹோம்–சார்ப் 1985-இல் கொடுத்த நான்கு வகைகளும், பிறகு வந்த மிஷின் டி1–டி4 வகைகளும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. மிஷ் கொடுத்த ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் (சிடியில் அடர்த்தியைக் காட்டுபவை, டி4-க்கு 150 முதல் 350 வரை) மருத்துவ சிடியிலிருந்து வந்தவை. சிபிசிடியின் சாம்பல் அளவுகளை அந்த எண்களோடு நேராகப் பொருத்தக் கூடாது. கருவிக்குக் கருவி மாறும், படம் எடுக்கும் பரப்பின் அளவுக்கேற்ப மாறும், பக்கத்துப் பல்லில் உலோகம் இருந்தாலும் மாறும். சிபிசிடியில் நம்பிப் பார்க்க வேண்டியவை இரண்டு: மேல் கெட்டி எலும்பின் தடிமன், சைனஸ் தளத்துக் கெட்டி எலும்பின் தடிமன்.

உண்மையான சோதனை 2 மி.மீ. பைலட் டிரில்தான், அதாவது முதல் துளை போடும் மெல்லிய டிரில். 800 ஆர்பிஎம்மில் மேல் உறையை (முகட்டுக் கெட்டி எலும்பை) தாண்டியதும் தடையே இல்லாமல் முழு ஆழத்துக்கும் போய்விட்டால் அங்கேயே நின்று அடுத்த வரிசையை முடிவு செய்ய வேண்டும். பழக்கத்தில் அடுத்த டிரில்லை மாட்டிவிட்டால் திரும்ப வழியில்லை, எடுத்த எலும்பை மறுபடி வைக்க முடியாது.

என் தேர்வு குறைத்துத் துளைப்பது. 2.0, 2.8, 3.2, 3.6 என்று போகும் வரிசையில் டி4-க்கு 2.8-இல் நிற்கலாம், சில இம்பிளான்ட்களுக்கு 3.2. ஒவ்வொரு டிரில்லும் ஒரே முறை உள்ளே, ஒரே முறை வெளியே. மென்மையான எலும்பில் இரண்டாம் முறை உள்ளே விட்டால் துளை வட்டமாக இருக்காது, நீள்வட்டமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு கூரான திருகு இழை இருந்தாலும் இரண்டு பக்கம் மட்டும்தான் பிடிக்கும். கவுன்டர்சிங்க் (துளை வாயை அகலப்படுத்துவது) வேண்டாம், டேப் (முன்கூட்டியே இழைத்தடம் வெட்டுவது) வேண்டாம்.

நூலளவு:

ஆணிவேர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். "இத்தனை சதவீதம் குறைத்துத் துளை" என்று சொல்லும்போது எந்த விட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. இழையின் வெளிவிட்டமா, நடுத் தண்டின் விட்டமா?

வெளிவிட்டம் 4.2, நடு உயரத்தில் தண்டு 3.0 உள்ள ஒரு இம்பிளான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 3.2 துளையில் ஏற்றினால் ஒவ்வொரு பக்கமும் இழை 0.5 மி.மீ. எலும்புக்குள் வெட்டிப் போகிறது. ஆனால் தண்டு எலும்பைத் தொடவே இல்லை, பக்கத்துக்கு 0.1 மி.மீ. இடைவெளி இருக்கிறது. 2.8 துளையில் ஏற்றினால் இழை 0.7 மி.மீ. பிடிக்கிறது, தண்டும் பக்கத்துக்கு 0.1 மி.மீ. அழுத்துகிறது. டார்க்கில் (ஏற்றும்போது தேவைப்படும் முறுக்கு விசையில்) தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இந்தத் தண்டு தொடுகிறதா இல்லையா என்பதிலிருந்து வருவது. அதனால் இம்பிளான்ட் நிறுவனத்தின் வரைபடத்தில் தண்டின் விட்டத்தை மேல், நடு, நுனி என்று மூன்று இடத்திலும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். துளை எண்ணை அதிலிருந்து முடிவு செய்வதுதான் சரி.

இணைசுவர் (கூம்பாகக் குறுகாத) இம்பிளான்ட்களை வைத்துச் செய்த ஆய்வகச் சோதனைகளில் 10 சதவீதத்துக்கு மேல் துளையைக் குறைப்பதால் நிலைப்பு மேலும் கூடவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அழுத்தத்தைத் தாங்க எலும்புத் தட்டுகளே இல்லாத இடத்தில் இன்னும் சிறிய துளை போட்டால், இருக்கும் சில தட்டுகளும் உடைந்து மஜ்ஜைக்குள் விழும்.

பஞ்சுஎலும்பு:

குறைத்துத் துளைத்தாலும் 2.8 வரைக்குமான எலும்பு துளையிலிருந்து வெளியே போய்விடுகிறது. டி4-இல் எலும்பே குறைவு, அதில் ஒரு பகுதியை உறிஞ்சுகுழாயில் அனுப்புவது எதற்கு? அடர்த்தியாக்கும் முறையின் முழு நியாயமும் இதுதான்.

செய்முறை: மேல் உறையைப் பைலட் டிரில்லால் முன்னோக்கிச் சுழற்றித் திறக்க வேண்டும், முழு ஆழத்துக்கும் 2.0. அதன் பிறகு டென்சா பர்கள், எதிர்த்திசையில், 800 முதல் 1500 ஆர்பிஎம் வரை, நிறையத் தண்ணீர். இந்த பர்களின் விளிம்பு கோணம் வெட்டும் கோணம் அல்ல, எதிர்மறைக் கோணம். எதிர்த்திசையில் சுழலும்போது எலும்பை வெட்டாமல் சுவரோடு தேய்த்து நகர்த்தும். கையை ஒரே அழுத்தமாகத் தள்ளக் கூடாது. உள்ளே, கொஞ்சம் வெளியே, மறுபடி உள்ளே என்று மெல்லத் துள்ளவைக்க வேண்டும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தண்ணீர் துளைக்குள் புகும், இறக்கும்போது அந்த நீர் அழுத்தம் எலும்புத் துகளைச் சுவருக்கும் நுனிக்கும் கொண்டுபோகும். தடை அதிகமானால் அழுத்தாதீர்கள், தூக்கி மறுபடி இறக்குங்கள்.

எங்கே நிற்பது: மென்மையான எலும்பில் கூம்பு இம்பிளான்ட்டின் சராசரி விட்டத்திலிருந்து 0.5 முதல் 0.8 மி.மீ. குறைவாக. சராசரி விட்டம் 3.7 என்றால் 3.0 பர்ரோடு நிற்கலாம். பர்ரை எடுத்ததும் அழுத்தப்பட்ட எலும்பு துளைக்குள் கொஞ்சம் திரும்பி வரும். அதனால் கடைசி பர்ருக்குப் பிறகு காத்திருக்காமல் இம்பிளான்ட்டை ஏற்றிவிட வேண்டும். அந்த மீள்விசைதான் இழையைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கிறது.

கைவிடும் இடங்களும் உண்டு. கீழ்த்தாடை முன்பகுதியின் டி1 எலும்பில் இதற்கு வேலை இல்லை, அடர்த்தியாக்க அங்கே இடமே இல்லை, சூடுதான் மிஞ்சும். மாட்டு எலும்புத் துகளால் நிரப்பி கிராஃப்ட் செய்த இடத்திலும் வேண்டாம், அந்தத் துகளுக்கு நெகிழ்வு கிடையாது. உள்ளே முழுக்கக் கொழுப்பு மஜ்ஜை மட்டும் இருக்கும் எலும்பில் எந்த பர்ராலும் இல்லாததை அடர்த்தியாக்க முடியாது.

நூலளவு:

ஆஸ்டியோடோமை யாரும் பேசவில்லை. சம்மர்ஸ் 1994-இல் விவரித்தது இதே எண்ணத்தைத்தான்: எலும்பை எடுக்காதே, ஒதுக்கு. மோட்டார் தேவையில்லை, சூடு கிடையாது, சைனஸ் தளம் நெருங்குவது கைக்கும் காதுக்கும் தெரியும். பஞ்சு எலும்பில் மந்தமாக இருக்கும் சத்தம் கெட்டி எலும்பைத் தொட்டதும் கூர்மையாக மாறும்.

சரியாகச் செய்தால் இப்படி: பைலட் டிரில்லை சைனஸ் தளத்துக்கு 1 மி.மீ. முன்பே நிறுத்த வேண்டும். சிறிய ஆஸ்டியோடோமிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அளவாக ஏற்ற வேண்டும், எதையும் தாண்டக் கூடாது. ஒவ்வொன்றும் முழு ஆழத்துக்குப் போனதும் எடுக்காமல் ஒரு நிமிடம் அங்கேயே விட்டால் எலும்பு விரிந்து நிற்கும். எடுக்கும்போது பக்கவாட்டில் ஆட்டவே கூடாது, அச்சில் திருப்பித்தான் எடுக்க வேண்டும். கன்னப்பக்கச் சுவர் உடைவதில் பெரும்பங்கு இந்த ஆட்டலால்தான். கடைசி அளவு இம்பிளான்ட்டைவிடக் குறைந்தது அரை மி.மீ. சிறியதாக இருக்கட்டும்.

ஆணிவேர்:

நூலளவு, நீங்கள் சொன்ன செய்முறையில் குறை இல்லை, ஆனால் இரண்டு விஷயங்களை ஒதுக்க முடியாது.

முதலாவது, தட்டுவதால் வரும் தலைச்சுற்றல். தலையைப் பின்னால் சாய்த்துவைத்துச் சுத்தியலால் தட்டும்போது உள்காதின் சிறு படிகங்கள் இடம்பெயர்ந்து, எழுந்ததும் அறையே சுற்றுவதுபோல நோயாளிக்குத் தோன்றும். எப்ளி முறையில் தலையைத் திருப்பிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனாலும் வயதானவர்கள், முன்பே தலைச்சுற்றல் உள்ளவர்கள், காது அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குச் சுத்தியலே எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாய்ப்பு இருப்பதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் நாற்காலியைச் சட்டென்று நிமிர்த்தக் கூடாது.

இரண்டாவது எலும்பின் உள்ளே நடப்பது. ஆஸ்டியோடோம் எலும்புத் தட்டுகளை வளைப்பதோடு உடைக்கவும் செய்கிறது. சிறு பன்றிகளில் செய்த ஆய்வில் ஆஸ்டியோடோம் துளையில் வைத்த இம்பிளான்ட்கள் முதல் வாரங்களில் வழக்கமான துளையில் வைத்தவற்றைவிடக் குறைவாகவே தாங்கின. சுற்றிலும் நுண்முறிவுகள் இருந்தன. வைத்த அன்று கிடைக்கும் இறுக்கம் வேறு, நான்காம் வாரத்தில் இருக்கும் பிடிப்பு வேறு. உடைந்த எலும்பை உடல் முதலில் அரித்து எடுக்கும், அதன் பிறகுதான் புதியது போடும். எந்த முறையிலும் இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை ஒரு சரிவு இருக்கும். நுண்முறிவு அதிகமானால் அந்தச் சரிவும் ஆழமாகும்.

கடைவாய்:

இதுவரை பேசியது துளை பற்றி. அடுத்தது எண்கள். ஏற்றும் டார்க் எவ்வளவு கிடைத்தால் போதும் என்று எடுத்துக்கொள்வது? ஐஎஸ்கியூ (அதிர்வை வைத்து நிலைப்பை அளக்கும் எண்) எப்படி? இம்பிளான்ட் பிடிக்காமல் சும்மா சுற்றினால் என்ன செய்வது? உயரம் 9 மி.மீ. இருக்கும்போது 8 நீளம் வைத்துச் சைனஸைத் தொடாமல் விடுவதா, 10 வைத்துத் தளத்தில் ஊன்றுவதா?

சைனஸ்தளம்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில் அடங்கும்.

டி4-இல் நிலைப்புத் தருவது நடுவில் உள்ள பஞ்சு அல்ல, இரண்டு முனையில் உள்ள கெட்டி எலும்பு. மேல் உறை அரை மி.மீ. கூட இல்லாத இடத்தில் சைனஸ் தளத்தின் கெட்டி எலும்பை விட்டுவிட்டு 8 மி.மீ. இம்பிளான்ட்டை மஜ்ஜையில் தொங்கவிட எனக்கு மனம் வராது. 10 மி.மீ. வைத்து, நுனி தளத்தின் கெட்டி எலும்பில் ஊன்றி, சைனஸின் உட்சவ்வை ஒரு மி.மீ. அளவுக்கு உயர்த்தினால் போதும். அந்த அளவுக்குக் கிராஃப்ட் தேவையில்லை. சவ்வு தடித்திருந்தால், சைனஸில் நீர் நின்றால், ஒழுகும் வழி அடைபட்டிருந்தால் மட்டும் 8-க்குத் திரும்பிவிட வேண்டும், அல்லது முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உயரம் 5 மி.மீ.க்குக் கீழே போனால் இந்தப் பேச்சே வேறு. அங்கே பக்கச்சுவர் சாளரம் வழியாக உயர்த்துவதைத்தான் யோசிக்க வேண்டும்.

டார்க்: ஏற்றும்போது மோட்டாரை 15 முதல் 25 ஆர்பிஎம்மில் வைத்து, வரம்பை 25 நியூட்டன்-செ.மீ.இல் நிறுத்துங்கள். மென்மையான எலும்பில் வரம்பை 50-இல் வைத்தால் இம்பிளான்ட் ஒரு நொடியில் முகட்டுக்குக் கீழே இறங்கிவிடும். திருப்பி மேலே எடுத்தால் வெட்டிய இழைத்தடம் போய்விடும், அதன் பிறகு அது சுற்றத்தான் செய்யும். கடைசி 2 மி.மீ.ஐக் கை ராட்செட்டால் ஏற்றுங்கள். டி4-இல் 15 முதல் 25 கிடைத்தாலே வேலை நடக்கும், ஆனால் அன்றே பல் வைக்கப் போதாது. உடனே பல் வைப்பதற்கு 35-க்கு மேல் டார்க்கும் 70-க்கு மேல் ஐஎஸ்கியூவும் இரண்டும் சேர்ந்து வேண்டும். ஒன்று மட்டும் போதாது. டார்க் இழையின் உராய்வைச் சொல்கிறது, ஐஎஸ்கியூ பக்கவாட்டு விறைப்பைச் சொல்கிறது. ஒன்று அதிகம் மற்றது குறைவு என்று வருவது சாதாரணம்.

ஐஎஸ்கியூவைக் கன்னப்பக்கமிருந்து ஒரு முறை, பல்வரிசைத் திசையிலிருந்து ஒரு முறை என இரண்டாக எடுங்கள். இரண்டில் குறைந்ததைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். 60-க்குக் கீழ் தாழ்வு, 60 முதல் 69 வரை நடுத்தரம்.

பஞ்சுஎலும்பு:

சைனஸ்தளம் சொன்ன ஊன்றுதலோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: இம்பிளான்ட் வழுவிப் போகும் திசை. மேல்தாடையில் அண்ணப்பக்கச் சுவர் கெட்டி, கன்னப்பக்கம் மென்மை. துளை சரியாக இருந்தாலும் ஏற்றும்போது இம்பிளான்ட் கெட்டிச் சுவரில் மோதிக் கன்னப்பக்கமாகத் தள்ளப்படும். கூரான இழையுள்ள வகைகள் தாமாகவே வழி வெட்டிக்கொள்வதால் இன்னும் அதிகமாக நகரும். துளையை அண்ணப்பக்கமாக அரை மி.மீ. ஒதுக்கித் தொடங்குவதும், அண்ணப்பக்கச் சுவரை மட்டும் பக்கவாட்டில் வெட்டும் டிரில்லால் இலேசாகத் திறந்துவைப்பதும் இதற்குப் பரிகாரம். ராட்செட் பிடித்த கையால் கன்னப்பக்கத்திலிருந்து தாங்குவதும் உதவும்.

ஆணிவேர்:

அதோடு மேல் உறையையும் சேர்க்க வேண்டும். மென்மையான எலும்பு என்பதற்காக முகட்டுக் கெட்டி எலும்பைத் திறக்காமல் அகன்ற கழுத்துள்ள இம்பிளான்ட்டை இறுக்கி ஏற்றிவிடுகிறார்கள். பஞ்சு எலும்பு அழுத்தத்தைத் தாங்கும், கெட்டி எலும்பு தாங்காது. அதில் இரத்த ஓட்டம் குறைவு. அழுத்தினால் அது இறந்து முகட்டில் எலும்பிழப்பாகத் தெரியும். உறை 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மேலே 2 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் கழுத்தின் விட்டத்துக்கு நெருக்கமான டிரில்லைத் தொட்டு எடுத்துவிட வேண்டும். கடைவாய் சொன்ன இடத்தில் அரை மி.மீ. தான் இருக்கிறது, எனவே அங்கே தேவையில்லை. அந்த அரை மி.மீ.தான் கழுத்தைப் பிடிக்கப் போகிறது.

சூட்டையும் மறக்கக் கூடாது. எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983-இல் காட்டிய எல்லை 47 டிகிரி செல்சியஸ், ஒரு நிமிடம். மென்மையான எலும்பில் டிரில்லால் அந்த எல்லையைத் தொடுவது அரிது. எதிர்த்திசை பர்ரில் தண்ணீர் நின்றுபோனால் தொட்டுவிடும்.

சைனஸ்தளம்:

சுற்றும் இம்பிளான்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் அது எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். விரலால் சுழலுகிறது ஆனால் மேலும் கீழும் ஆடவில்லை, பக்கவாட்டில் சாயவில்லை என்றால் அதை அப்படியே விடலாம். கவர் ஸ்க்ரூவை (இம்பிளான்ட்டின் வாயை மூடும் திருகு) கையால் மட்டும் மெல்லப் பூட்டி, ஈறுக்குள் மூடி, 5 முதல் 6 மாதம் பாரமில்லாமல் விட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். எலும்பு ஒட்டுவதற்கு டார்க் தேவையில்லை, அசைவின்மைதான் தேவை.

பக்கவாட்டில் சாய்ந்தால் விடக் கூடாது. அகலம் 7 மி.மீ. இருப்பதால் 4.2-ஐ எடுத்து 4.8 அல்லது 5.0 போடலாம், கன்னப்பக்கச் சுவர் ஒரு மி.மீ.ஆவது மிஞ்ச வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த வழி, அதே விட்டத்தில் நீளமானதைத் தளத்தில் ஊன்றுவது. இரண்டும் முடியாவிட்டால் இம்பிளான்ட்டை எடுத்துவிட்டுத் துளையை எலும்புத் துகளால் நிரப்பி மூடி, நான்கு மாதம் கழித்துத் திரும்ப வருவதுதான் நோயாளிக்கு நல்லது. துகளைத் திணித்து அதே இம்பிளான்ட்டை மறுபடி செருகுவதை நான் ஆதரிப்பதில்லை. அது அன்றைக்கு இறுக்கமாகத் தெரியும், மூன்றாம் வாரத்தில் தளர்ந்துவிடும்.

உயரம் குறைவாகவும் மேல் உறை மெலிந்தும் இருக்கும் இடத்தில் இம்பிளான்ட் முழுவதுமாகச் சைனஸுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. துளையைவிட அகலமான கவர் ஸ்க்ரூ அல்லது ஹீலிங் அபட்மென்ட் (ஈறுக்கு வெளியே தெரியும் தற்காலிக மூடி) போட்டால் அது முகட்டில் தடுத்து நிறுத்தும்.

நூலளவு:

ஹீலிங் அபட்மென்ட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நாக்கும் உணவும் கழற்றி மாட்டும் பல்செட்டும் அதைத் தள்ளும். 20 நியூட்டன்-செ.மீ.க்குக் கீழே கிடைத்த எந்த இம்பிளான்ட்டையும் ஈறுக்குள் மூடுவதே நல்லது. மேலே பல்செட் போடுகிறவர் என்றால் அந்த இடத்துக்கு நேராக உட்புறத்தைக் குடைந்து மென்பூச்சு வைத்துக் கொடுக்க வேண்டும். துளை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மூன்றாம் வாரத்துப் பல்செட் அதைக் கெடுத்துவிடும்.

கடைவாய்:

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை வேண்டும். டி4 எலும்பு உள்ளவர்களில் மாதவிடாய் நின்ற பெண்கள் அதிகம். எலும்பு மெலிவு இருப்பதே தடை அல்ல. ஆனால் அதற்கு எடுக்கும் பிஸ்பாஸ்பொனேட், டெனோசுமாப் மருந்துகள் தாடை எலும்பு அழுகலுக்குக் காரணமாகலாம். எவ்வளவு காலமாக, மாத்திரையா ஊசியா, புற்றுநோய்க்கான அளவா என்று மூன்றையும் கேட்காமல் துளைபோடக் கூடாது. டெனோசுமாபை நாமாக நிறுத்தச் சொல்லவும் கூடாது. நிறுத்தினால் முதுகெலும்பு முறிவு ஏற்படும் ஆபத்து உண்டு. எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசித்தான் முடிவு.

இதுவரை வந்ததை வைத்து இந்த இடத்துக்கு நான் எடுத்துக்கொள்வது: 2.0 பைலட் 8 மி.மீ. வரை, அதாவது தளத்துக்கு 1 மி.மீ. முன்பு. பிறகு எதிர்த்திசையில் 3.0 வரை, நுனியில் தளத்தை மெல்ல உயர்த்தி. 4.2 × 10, கை ராட்செட், ஈறுக்குள் மூடி 5 மாதம். மேல் உறையைத் தொடுவதில்லை. எதிர்த்திசை பர் இல்லாத இடத்தில் 2.8 வரை குறைத்துத் துளைத்து 8 மி.மீ. நீளத்தோடு நிறுத்துவது. சுத்தியலை இந்த இடத்துக்கு எடுக்க மாட்டேன்.

நூலளவு:

சுத்தியல் பற்றிய கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பர் இல்லாத இடத்தில் தளத்தை 1 மி.மீ. உயர்த்த, குழிந்த நுனி ஆஸ்டியோடோமால் இரண்டு மூன்று மெல்லிய தட்டு போதும். தலைச்சுற்றல் வரலாறு இல்லாதவருக்கு, துளையை விரிக்க அல்லாமல் தளத்தைத் தூக்க மட்டும் பயன்படுத்தினால் நுண்முறிவும் நுனியோடு நின்றுவிடும். 8 மி.மீ.க்குத் திரும்புவதைவிட அது மேல்.

சைனஸ்தளம்:

அதை ஏற்றுக்கொள்ளலாம், தட்டு எண்ணிக்கை அவ்வளவோடு நின்றால்.

ஐந்து மாதம் கழித்துத் திறக்கும்போது நடப்பதையும் சேர்க்கிறேன், டி4-இல் பல இம்பிளான்ட்கள் போவது அன்றைக்குத்தான். திறந்ததும் ஐஎஸ்கியூ எடுங்கள். வைத்த அன்று 55 இருந்தது இப்போது 65-க்கு மேல் வந்திருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். 60-க்குக் கீழேயே நின்றால் ஹீலிங் அபட்மென்ட்டோடு இன்னும் 6 முதல் 8 வாரம் விடுங்கள். முதல் நாளே நிரந்தர அபட்மென்ட்டை (கிரவுனைத் தாங்கும் இணைப்பு) 30-35 நியூட்டன்-செ.மீ.க்கு முறுக்காதீர்கள். முறுக்கும்போது நோயாளி வலி என்று சொன்னாலோ இம்பிளான்ட் அபட்மென்ட்டோடு சேர்ந்து இலேசாகத் திரும்பினாலோ அங்கேயே நிறுத்தி, அபட்மென்ட்டைக் கழற்றி, கவர் ஸ்க்ரூவைக் கையால் போட்டு மூடி, மூன்று மாதம் விடுங்கள். தொற்று இல்லாமல், ஆட்டமில்லாமல், சுழற்சி மட்டும் இருக்கும் இம்பிளான்ட் மறுபடி பிடித்துக்கொள்வதுண்டு. எல்லாம் சரியாக இருந்தால் முதலில் கடிக்குக் கொஞ்சம் தாழ்ந்த அக்ரிலிக் பல், 10 முதல் 15 வரை மட்டும் முறுக்கி, இரண்டு மூன்று மாதம். அதன் பிறகு நிரந்தரக் கிரவுனும் முழு டார்க்கும்.